கொன்றவன் யார், இறந்தவர் யார்?

துப்பறியும் கதை வாசிப்பது ஒழுக்கக் கேடா? ஆசிரியர்கள் பலர் இதனை ஒரு வினாவாகவே கருதுவதில்லை. விடை என்றோ முடிந்துவிட்டது என்பது அவர்கள் எண்ணம். ‘குப்பை’ என்ற ஒரு சொல்லால் அவ்வெழுத்துப் பரப்பு முழுவதையும் கூட்டித் தள்ளிவிட்டுப் பாடநூலின் அடுத்த பக்கத்தைப் புரட்டுவது எமது தொழிலில் நெடுநாளைய வழக்கம். நாமும் அவ்வழக்கத்துக்குப் புறம்பானவர்களல்லோம். சென்ற தவணை வரையில் அவ்வாறே செய்துவந்தோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு தொடங்குவதே நேர்மை.

நடந்தது இதுதான். உயர்தர வகுப்பில் சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை நடத்திக்கொண்டிருந்தோம். கண்ணகி பாண்டியன் அவையிற் சிலம்புடன் நிற்கும் கட்டம். பின்வரிசையிலே ஒரு மாணவன் மேசைக்குக் கீழே வேறொரு நூலை விரித்து வைத்திருந்தான். சுஜாதாவின் கணேஷ், வசந்த் கதைகள் அடங்கிய தொகுதி. பலர் கைபட்டு மூலைகள் மடிந்தது. நாம் அதனைப் பறித்தெடுத்து, “கண்ணகி நீதி கேட்கும் வேளையில் உனக்குக் கொலைக்கதையா?” என்று வகுப்பறியக் கடிந்தோம். அவன் தலை குனியவில்லை. பாடநூலைச் சுட்டிக்காட்டி, “சேர், இதுவும் கொலைக்கதைதானே?” என்றான். வகுப்புச் சிரித்தது. “நீங்கள் அதை வாசிச்சுப் பாத்தனீங்களோ?” என்று அடுத்துக் கேட்டான். அதற்கு எம்மிடம் விடையில்லை. வாசியாத ஒன்றுக்குத் தீர்ப்புக் கூறியிருந்தோம். ஆராயாது தீர்ப்புக் கூறிய ஓர் அரசனின் கதையை நடத்திக்கொண்டிருந்த வேளையில்தான் அது நிகழ்ந்தது.

அன்றிரவு ஹெவ்லொக் டவுனில் நாம் வாடகைக்குக் குடியிருக்கும் அறையில் அந்நூலை வாசித்து முடித்தோம். விடுமுறையில் வெள்ளவத்தை நண்பர் ஒருவரின் அலுமாரியிலிருந்து அத்தொடரின் ஏனைய நூல்களைப் பெற்றோம். அதன்பின் தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகள். அதன்பின் ஆங்கில மொழிபெயர்ப்பில் சுவீடன் நாட்டுத் தொடரொன்று. வாசிக்க வாசிக்க ஒரு வினா எம்மைப் பற்றிக்கொண்டது. ஒரு தொடரிலே பத்து, இருபது, ஐம்பது கொலைகள் நிகழ்கின்றன. அத்தனை பிணங்களையும் அருகில் நின்று கண்ட துப்பறிவாளன் அவற்றால் மாறுகின்றானா? மாறவில்லையெனின் ஏன்? மாறுகின்றானெனின் எத்திசையில்? இவ்வினா கதைக்கலை பற்றியதாகத் தோன்றினும், ஆழ நோக்கின் அறம் பற்றியதே. பிறர் சாவை அறிவதால் ஒருவனுக்கு நேர வேண்டியது யாது என்பதே அதன் உட்கிடை.

*

தமிழிலே துப்பறிவாளன் நூறாண்டு கடந்தவன். 1908இல் வெளிவந்த ‘இராஜாம்பாள்’ நாவலின் ஆசிரியர் ஜே. ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனை உலவவிட்டார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரைப் படைத்தார். அக்கதை 1950இல் திரைப்படமாகவும் வந்தது. 1940களில் தேவனின் துப்பறியும் சாம்பு தோன்றினான். வங்கிக் குமாஸ்தாவாகிய அவன் அறிவினாலன்றித் தற்செயலினாலேயே வெற்றி பெறுபவன். துப்பறிவாளனின் பெருமிதத்தைப் பார்த்துத் தமிழ் நகைத்த முதற் சிரிப்புகளுள் அதுவும் ஒன்று. அதன்பின் ‘கல்கண்டு’ ஆசிரியர் தமிழ்வாணனின் சங்கர்லால். அவர் உலகெங்கும் பறப்பார், தேநீர் அருந்துவார், சிந்திப்பார், வெல்வார். பிழை செய்வது அவர் இயல்பிலேயே இல்லை. நூல்தோறும் பிணங்கள் விழுகின்றன. நூல்தோறும் தேநீர் வருகின்றது. முதல் நூலின் சங்கர்லாலுக்கும் கடைசி நூலின் சங்கர்லாலுக்கும் இடையிலே காலமே ஓடவில்லை. தேயிலைக் கொழுந்து கிள்ளுவோர் வாழும் நாட்டிலிருந்து வாசிக்கும் எமக்கு ஓர் எண்ணம் தவிர்க்க முடியாமல் எழுந்தது. அத்தேநீர்க் கோப்பையின் பின்னே யார் உழைப்பு இருக்கின்றது என்பதை மட்டும் அப்பேரறிவு ஒருநாளும் துப்பறிந்ததில்லை.

இம்மாறாமைக்கு மூலம் மேற்கே இருக்கின்றது. சேர்லொக் ஹோம்ஸ் 1887இல் அச்சேறியவன். ஆசிரியர் கொனன் டொயில் 1893இல் அவனைக் கதையிலே சாகடித்தார், வாசகர் பொறுக்கவில்லை, 1903இல் அவன் மீண்டும் உயிர்த்தெழ நேர்ந்தது. சாவதற்கும் உரிமையற்றவன் வளர்வது எங்ஙனம்? சஞ்சிகை வணிகத்தில் துப்பறிவாளன் ஒரு பண்டம். சென்ற கிழமை வாங்கிய அதே சரக்கு இக்கிழமையும் அதே சுவையோடு கிடைத்தல் வேண்டும். அவன் மனம் உடைந்தாலோ, முதுமை அடைந்தாலோ, தன் தொழிலையே ஐயுற்றாலோ சரக்குக் கெட்டுவிடும். ஆகவே துப்பறிவாளனின் மாறாமை எழுத்தாளனின் சோம்பலால் மட்டும் விளைந்ததன்று. சந்தை விதித்த நிபந்தனையும் அதுவே.

எமது ஊரோடு தொடர்புடைய செய்தியொன்றையும் இங்கே கூறலாம். 1891இல் வெளிவந்த ஹோம்ஸ் கதையொன்றிலே, அவன் தீர்த்துவைத்த வழக்குகளுள் ஒன்றாகத் திருகோணமலையில் அற்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த துயர நிகழ்ச்சி ஒரே வரியிற் குறிக்கப்படுகின்றது. அவ்வேளையில் இலங்கைத் தேசாதிபதியாக இருந்தவர் சேர் ஆதர் ஹெவ்லொக்; நாம் குடியிருக்கும் பகுதி அவர் பெயரையே இன்றும் சுமந்து நிற்கின்றது. அந்தத் திருகோணமலைக் கதையை டொயில் எழுதவேயில்லை. இலண்டனில் இருந்து நோக்கிய உலகப்படத்தில் திருகோணமலை ஓர் அலங்காரப் பெயர்; அங்கே துயர் நேர்வதாயினும் அது வெள்ளைச் சகோதரர்க்கே நேரும். அத்துறைமுகத்திலே கரி சுமந்தவர், படகு வலித்தவர், அவர்தம் சாவுகள் வழக்காகவும் எண்ணப்படவில்லை. ஒரு வரியாகவும் எழுதப்படவில்லை. ‘கொன்றவன் யார்?’ என்று வினவும் கதை, ‘யாருடைய சாவு வினவத்தக்கது?’ என்பதை முன்னரே முடிவு செய்துகொண்டுதான் தொடங்குகின்றது. துப்பறியும் கதையின் முதற் குற்றம் இதுவே எனலாம்.

*

இப்பின்னணியிலேதான் கணேஷை நோக்க வேண்டும். 1968இல் ‘குமுதம்’ இதழில் தொடராக வந்த ‘நைலான் கயிறு’ நாவலிலே அவன் தோன்றினான். அவன் பொலிஸ்காரனல்லன், தனியார் துப்பறிவாளனுமல்லன், குற்றஞ்சாட்டப்பட்டவனுக்காக வாதாடும் வழக்கறிஞன். இச்சிறு மாற்றம் பெரும் பொருளுடையது. கோவிந்தன் முதல் சங்கர்லால் வரை துப்பறிவாளனின் விரல் ‘இவனே குற்றவாளி’ என்று சுட்டுவதற்கே நீண்டது. வழக்கறிஞனின் தொழில் அதற்கு மாறானது. ‘இவன்தான் என்று உமக்கு எப்படித் தெரியும்?’ என்று அரசை நோக்கிக் கேட்பது அது. தமிழ் வெகுசன வாசகன் ஐயத்தின் பயனையும், சான்றின் கட்டாயத்தையும், விஞ்ஞான நோக்கையும் ஓரளவேனும் பழகியது இக்கதைகளிலேதான் என்று கூறினால் மிகையாகாது. எழுத்தாளர் சுஜாதா, இயற்பெயர் ரங்கராஜன், பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியியலாளராகப் பணியாற்றியவர். கருவிகளின் நுட்பத்தை அறிந்த கை அக்கதைகளில் தெரிகின்றது.

கணேஷ் வளர்கின்றானா? ஓரளவுக்கு வளர்கின்றான். தொடக்கக் கதைகள் சிலவற்றில் டில்லியிலே தொழில் புரிந்தவன் பின்னர்ச் சென்னைக்கு வருகின்றான். வசந்த் என்ற இளையவன் துணையாகச் சேர்கின்றான். அதன்பின் அறிவு இரு குரலாகப் பிரிகின்றது. ஒருவன் நிதானம், மற்றவன் துடிப்பு. 1980களின் தொடக்கத்தில் வந்த ‘கொலையுதிர் காலம்’ நாவலில் இப்பிரிவு உச்சம் அடைகின்றது. நிகழ்ந்தவை ஆவியின் செயலா, விஞ்ஞானத்தின் சூழ்ச்சியா என்பதில் இருவரும் வேறுபடுகின்றனர்; கதை முடிந்த பின்னும் ஐயம் முற்றாகத் தீர்வதில்லை. எல்லாம் அறிந்த சங்கர்லாலின் மரபிலே, தன் விடையில் முழு நிறைவு கொள்ளாத துப்பறிவாளன் தோன்றியது ஒரு வளர்ச்சியே.

ஆயினும் அவ்வளர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. 1968இல் தொடங்கிய அத்தொடர் பல பத்தாண்டுகள் நீண்டது. கணினி வந்தது, நகரம் மாறியது, கணேஷின் தலை நரைக்கவில்லை. இறந்தவர்களுள் ஒருவரேனும் அடுத்த நூலில் அவன் உறக்கத்தைக் கெடுக்கவில்லை. பெண்ணுடல், அது உயிருள்ளதாயினும் உயிரற்றதாயினும், வசந்தின் நகைச்சுவைக்கும் வாசகனின் கண்ணுக்கும் பலமுறை விருந்தாக்கப்படுகின்றது. எம் மாணவிகளிடம் இந்நூல்களைக் கொடுக்கும் ஆசிரியர் இதனை மறைக்கலாகாது. கணேஷின் மூளை வளர்ந்தது. அவன் நினைவு வளரவில்லை என்பதே எமது மதிப்பீடு.

*

நினைவு வளர்ந்த துப்பறிவாளன் ஒருவனை வேறோரிடத்திற் கண்டோம். மேற்கூறிய சுவீடன் தொடர், மாய் ஷோவால், பேர் வாலூ என்னும் மார்க்சிய இணையர் எழுதியது. 1965 முதல் 1975 வரை பத்து நாவல்கள். ஒவ்வொன்றும் முப்பது அதிகாரங்கள். பத்தும் சேர்ந்து ஒரே பெருங்கதையாக அமைய வேண்டும் என்று முதலிலேயே திட்டமிட்டு எழுதினர். சந்தை கேட்கும்வரை நீள்வதன்று அத்தொடர். அதற்கு முடிவு உண்டு. முடிவு உடையதால் அதன் நாயகன் மார்ட்டின் பெக் காலத்துக்கு உட்பட்டவன் ஆனான். முதல் நூலிலே கால்வாயிலிருந்து தூர் வாரும்போது ஒரு பெண்ணின் உடல் கிடைக்கின்றது. அவள் யார் என்பது தெரியவில்லை. அவள் பெயர் ரோசன்னா என்று அறிவதே முதற் பெருஞ்செயலாக நீள்கின்றது. நூலின் பெயரும் அதுவே. கொன்றவனின் சாமர்த்தியத்தை விட்டு, இறந்தவளின் பெயரைத் தலைப்பாக்கியது சிறு செயலன்று.

ஏழாம் நாவலில், 1971இல், பெக்கின் வளர்ச்சி முழு உருப்பெறுகின்றது. நீரிழிவு நோயாற் சோர்ந்து விழுந்த ஒரு பெண்ணைக் குடிகாரி என்று கருதிப் பொலிசார் காவலறையிற் கிடக்க விட்டிருந்தனர், அவள் இறந்துபோனாள். அவள் கணவன் பின்னர்த் துப்பாக்கி ஏந்திக் கொலைஞனாகின்றான். அவனைப் பிடிக்க வேண்டிய பெக், தான் சார்ந்த நிறுவனமே இக்கொலைக்கு மூலம் என்பதை உணர்ந்தவனாய்த் தனித்து முன்செல்கின்றான், குண்டடிபட்டு வீழ்கின்றான். ‘குற்றவாளி யார்?’ என்ற வினாவுக்கு ‘நாமும்’ என்ற விடையைப் பெற்ற துப்பறிவாளன் அவன். அத்தொடரிலேயே அவன் நண்பன் கொல்பெர்க் பொலிஸ் பதவியைத் துறந்து வெளியேறுகின்றான். வளர்ச்சி என்பது ஒருவனுக்குப் பதவி உயர்வாகவே அமைய வேண்டும் என்ற நியதி இல்லை, வெளியேற்றமாகவும் அமையலாம்.

துப்பறிவாளன் வளர்வதற்கு எமக்கு இப்போது ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. கூர்மை மிகுவதோ, எதிரி வலுப்பதோ, மனைவி மக்கள் வாய்ப்பதோ வளர்ச்சியாகாது. தன் பிழையையும், தான் நிற்கும் இடத்தின் பிழையையும் காணும் ஆற்றல் பெறுவதும், இறந்தவருக்குத் தான் பட்ட கடன் நூலின் கடைசிப் பக்கத்தோடு தீர்ந்துவிடாது என உணர்வதுமே வளர்ச்சி. இவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால், எம் பாடநூற் பாண்டியனே தமிழின் முதல் வளர்ந்த நீதிபதி. கண்ணகி பொருட்சான்றை உடைத்துக் காட்டுகின்றாள். முத்தென நினைத்த இடத்தில் மாணிக்கம் தெறிக்கின்றது. அவன் ‘சான்று போதாது’ என்று ஒத்திவைக்கவில்லை. விசாரணைக் குழு அமைக்கவில்லை. பிழை தனது என்று கண்டான். அதன் விலையைத் தன் உயிராலே கொடுத்தான்.

*

கதைகள் இவ்வாறாக, மெய்வாழ்வில் இவ்வளவுகோல் நிற்குமா? ஹெவ்லொக் டவுனிலிருந்து கடற்பக்கமாக நடந்துபோகும் தூரத்தில், பம்பலப்பிட்டியில் சென்ற் அல்பன்ஸ் பிளேஸ் என்னும் ஒழுங்கை இருக்கின்றது. 1951 ஒக்டோபர் 9ஆம் நாள் அங்குள்ள வீடொன்றில் ஒரு பெண் கொல்லப்பட்டார். நான்கு பெண் குழந்தைகளின் தாய். மணவிலக்குக் கோரி வழக்குத் தொடுத்திருந்தவர். கணவர், இலங்கைக் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கிய மகாதேவன் சதாசிவம். கணவரும் வீட்டு வேலையாளும் கைதாயினர். வேலையாளுக்கு நிபந்தனையுடன் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர் அரச தரப்புச் சாட்சியானார். 1953இல் 57 நாட்கள் நீண்ட விசாரணை நடந்தது. நாட்டு மக்கள் அதனைத் தொடர்கதை போலப் பத்திரிகைகளில் நாள்தோறும் வாசித்தனர்.

கணவருக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா, 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். (1972ஆம் ஆண்டு அரசியல் யாப்பை ஆக்கிய கொல்வினோடு தமிழ் மக்களுக்குள்ள வழக்கு வேறு, அதனை இங்கு எடுத்தோமல்லோம்.) எதிர்வாதத்தின் நிலைப்பாடு யாது? கொலையைச் செய்தவர் அவ்வேலையாளே, கணவரல்லர் என்பது. இடதுசாரி வாசகர் இங்கே சற்றுத் தரித்து நிற்றல் வேண்டும். தொழிலாளர் தலைவர் ஒருவர், வசதி படைத்த புகழாளரின் பக்கம் நின்று, தெற்கத்திக் கிராமத்து ஏழை ஒருவரை நோக்கிக் குற்ற விரலை நீட்டினார். இது வர்க்கத் துரோகமா?

நாம் இவ்வினாவை நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம். அல்ல என்பதே எமது முடிவு. வழக்கின் உயிர்நிலை, இறப்பு நிகழ்ந்த நேரம். கணவர் வீட்டிலிருந்து வெளியேறுமுன் உயிர் பிரிந்ததா, பின்னரா? பிரேதத்தை ஆராய்ந்த பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம் அரச மருத்துவரேயாயினும், அரச தரப்பின் காலக்கணக்குக்கு ஒவ்வாத முடிவையே உரைத்தார். எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி சிமித் வந்து எதிர்வாதத்துக்குச் சான்று கூறினார். கொனன் டொயில் ஹோம்ஸின் உருவத்தைக் கண்டெடுத்ததும் அதே எடின்பரோ மருத்துவக் கல்லூரியில், ஆசிரியர் ஜோசப் பெல்லிடத்தேதான். கதைக்கும் மெய்க்கும் வேர் ஒன்றே என்பது வியப்புக்குரியது. ஜூரிமார் கணவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தனர். ஏழை என்பதனால் ஒருவன் சொல் மெய்யாகிவிடாது. செல்வன் என்பதனால் ஒருவன் கழுத்துக் கயிற்றுக்கு உரியதாகிவிடாது. வர்க்கச் சார்பு என்பது சான்றைக் கண்மூடிப் புறக்கணிக்கும் உரிமையன்று. ஏழைகளே என்றென்றும் தூக்குமேடை ஏறிவரும் உலகில், ‘ஐயத்துக்கு இடமின்றி நிறுவுக’ என்னும் விதியை யார் பொருட்டுத் தளர்த்தினாலும், தளர்ந்த விதியின் சுமை நாளை ஏழையின் தலைமேலேயே விழும்.

ஆனால் அவ்வழக்கிலே நம்மை உறங்கவிடாத பகுதி வேறொன்று உண்டு. இறந்த உடலிலிருந்து வெப்பம் எவ்வேகத்தில் இறங்குகின்றது என்பதை இந்த வெப்ப நாட்டில் அளந்தறிய வேண்டியிருந்தது. பேராசிரியர் டி சேரம் அதனை அளந்தது, சிறையிலே தூக்கிலிடப்பட்டோரின் உடல்களில். அவ்வாய்வு 1955இல் வெளிவந்து, உலகச் சட்ட மருத்துவத்திலே எடுத்தாளப்படுகின்றது. அம்மனிதர் யாவர்? அவருள் எத்தனை பேருக்குக் கொல்வின் போன்ற வழக்கறிஞர் வாய்த்தனர்? ஒருவரின் உயிரைக் காக்கத் துணைநின்ற அறிவு, பெயரறியாத பலரின் உடல்களிலிருந்து வந்தது. எந்தத் துப்பறியும் நாவலும் அவர்களுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியதில்லை.

அக்கொலைக்காக இறுதிவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. கொலை நிகழ்ந்தது உண்மை. தாயை இழந்த குழந்தைகள் உண்மை. இவ்வழக்குப் பற்றி நூல்கள் எழுந்துள்ளன. வாதங்கள் இன்றும் நடக்கின்றன. அவை யாவும் ‘அவரா, இவரா?’ என்றே வினவுகின்றன. வாழ முயன்று, சட்டத்தின் துணையோடு ஒரு மணவாழ்விலிருந்து வெளியேற முயன்ற அப்பெண்ணைப் பற்றி வினவுவோர் அரியர். அந்த வழக்குக்குச் சூட்டப்பட்ட பெயரும் கணவரின் பெயரே.

*

நிற்க. விடுமுறை கழிந்து அந்நூலை மாணவனிடம் திருப்பிக் கொடுத்தோம். வாசித்ததையும், எம் பிழையையும் கூறினோம். “ஏன் உனக்கு இவ்வகை நூலில் இவ்வளவு ஈடுபாடு?” என்று இம்முறை மெய்யாகவே அறிய விரும்பிக் கேட்டோம். அவன் சற்றே தயங்கினான்.

“எங்கட மாமா 2007இல வேலைக்குப் போனவர், சேர். திரும்பி வரேல்லை. நான் அப்ப பிறக்கவுமில்லை. அம்மம்மா இண்டைக்கும் ராவில கேற்றுக்குப் பூட்டுப் போட விடமாட்டா. இந்தப் புத்தகத்தில எண்டாலும் கடைசிப் பக்கத்தில ஒரு பதில் இருக்கு.”

ஆசிரியத் தொழிலில் பத்தாண்டுக்கு மேல் கழித்தும் இதற்குக் கூறும் மறுமொழியை எவரும் எமக்குக் கற்பித்திருக்கவில்லை. அவன் தோளிற் கை வைத்ததன்றி நாம் வேறொன்றும் செய்யவில்லை.

பூட்டிய அறைக்குள் கொலை நிகழ்வது துப்பறியும் கதையின் பெருவிருப்பப் புதிர்களுள் ஒன்று. 1983 யூலை 25ஆம், 27ஆம் நாட்களில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். வெளியாரெவரும் எளிதிற் புகமுடியாத மதில். திறப்புகள் யாரிடம் இருந்தன என்பது தெரிந்த கதவுகள். உலகின் எந்தத் துப்பறிவாளனுக்கும் இதனிலும் எளிய புதிர் அமைந்ததில்லை. ஆயினும் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. காணாமற் போனோர் பற்றிய அலுவலகத்துக்கு 2016இல் சட்டம் இயற்றப்பட்டது. 2018இல் ஆணையாளர்கள் நியமனம் பெற்றனர். வீதியோரங்களிலே படங்களை ஏந்தி அமர்ந்திருக்கும் தாய்மாருக்குக் கடைசிப் பக்கம் இன்னும் எழுதப்படவில்லை.

இந்நாட்டில் ஓர் இளைஞன் விடையுள்ள கதையைத் தேடி ஓடுவானாயின், அவன் இரசனை கெட்டவன் என்று நாம் எங்ஙனம் தீர்ப்பளிப்பது? 1950களிலும் 1960களிலும் எம் முற்போக்கு முன்னோடிகள் தமிழகத்து மசாலா ஏடுகளை எதிர்த்துக் குரல் எழுப்பினர். 1970களின் அரசு அவ்வேடுகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் உள்நாட்டு நாவல்கள் ஊக்கம் பெற்றன. வீரகேசரிப் பிரசுரங்கள் அதற்குச் சான்று. அப்போராட்டத்தின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஏட்டை எதிர்த்த வேகத்தில், அதனை நாடிய வாசகனின் பசியை அவர்கள் ஆராயாது விட்டனர் என்று தோன்றுகின்றது. அப்பசி நீதிப் பசி. துப்பறியும் கதை அதற்கு இடுவது, உண்டதும் மறந்துபோகும் எளிய உணவு. இறந்தவரை மறக்கச் செய்து, தீர்ந்தது என்று உறங்கச் செய்யும் உணவு. உணவைப் பழிக்கலாம்; பசியைப் பழிப்பது தகாது.

அப்படியாயின் ஆசிரியர் செய்யக்கூடியது என்ன? நூலைப் பறிப்பதை விடுத்து, வாசிப்பவனிடம் இன்னொரு வினாவைக் கொடுத்தல். ‘கொன்றவன் யார்?’ என்பதைக் கதையே கேட்டுக்கொள்ளும். ‘இறந்தவர் யார்? அவரை யார் நினைவில் வைத்தார்? துப்பறிந்தவன் அதனால் மாறினானா? வாசித்த நாம் மாறினோமா?’ என்பவற்றை நாம் கேட்கலாம். துப்பறிவாளன் வளரவில்லையாயினும் வாசகன் வளரலாம். தொடர்கதையின் நாயகனுக்குச் சந்தை மறுத்த வளர்ச்சியை வாசகனுக்கு எவரும் மறுக்க முடியாது.

இவ்வினாவோடு வழக்குரை காதையை மீண்டும் நடத்தினோம். இறந்தவர் யாவர் என்று எழுதி வரும்படி வகுப்பைப் பணித்தோம். கோவலன், பாண்டியன், கோப்பெருந்தேவி, எரியுண்ட மதுரையின் மாந்தர் என்று பலரும் எழுதினர். அம்மாணவனின் தாளில் மட்டும் இன்னொரு வரி இருந்தது. பாண்டியன் இறந்த பின், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகியின் பொருட்டுப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று சிலப்பதிகாரமே கூறுகின்றது. களவு செய்தவன் ஒருவன், மாண்டவர் ஆயிரவர். அவ்வாயிரவருள் ஒருவரின் பெயரும் நூலில் இல்லை. ‘இவர்களைக் கொன்றதற்கு யார் வழக்குரைத்தார்?’ என்று அவன் அடியிலே எழுதியிருந்தான்.

பல்கலைக்கழகத்திலே அக்காப்பியத்தைக் கற்று, ஆண்டுதோறும் கற்பித்து வந்த நாம் அவ்விடத்தில் ஒருநாளும் நின்றதில்லை. அதனை ஒரு வரலாற்றுக் குறிப்பாகக் கடந்து போயிருக்கின்றோம். ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் இனத்தார் ஆயிரவர் மாள்வதன் பொருளை, 1983க்குப் பின் பிறந்து இக்கொழும்பிலே வாழும் நாமே காணாது போனோமே! கொலைக்கதை வாசித்துப் பழகிய பையன் அதனைக் கண்டான்.

அத்தாளுக்குப் புள்ளியிடாது திருப்பிக் கொடுத்தோம். அடுத்த பாடவேளையில் அவன் வினாவைக் கரும்பலகையில் எழுதி, அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கினோம்.